உள்ளே வைத்தது

1951 பிப்ரவரியில், பால்டிமோர் நகரத்தின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், மயக்க மருந்தில் கிடந்த 30 வயதுப் பெண்ணின் உடம்பில் அடுத்தடுத்து இரண்டு காரியங்கள் நடந்தன. முதலில், அவருடைய கர்ப்பப்பை வாயிலிருந்து இரண்டு சின்னத் துண்டுகளை டாக்டர் வெட்டி எடுத்தார். ஒன்று கட்டியிலிருந்து, இன்னொன்று பக்கத்திலிருந்த நல்ல சதையிலிருந்து. பிறகு அதே டாக்டர், ரேடியம் அடைத்த குழாய் ஒன்றை அதே இடத்துக்குள் செலுத்தித் தையல் போட்டு நிறுத்தினார்.

எடுத்தது என்ன ஆயிற்று என்று உலகத்துக்கே தெரியும். ஜார்ஜ் கையின் ஆய்வுக்கூடத்துக்குப் போன அந்தத் துண்டிலிருந்த செல்கள் சாகவே இல்லை. ஹீலா என்று பெயர் வாங்கி, போலியோ தடுப்பூசிச் சோதனைக்குப் போய், விண்வெளிக்குப் போய், இன்றைக்கும் ஏதோவோர் ஆய்வுக்கூடத்தின் குப்பியில் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெயரை நம்மில் பலரும் கேள்விப்பட்டது அப்படித்தான். ரெபெக்கா ஸ்க்லூட் பத்தாண்டுகளுக்கு மேல் அலைந்து எழுதி 2010இல் வெளியான 'ஹென்ரியட்டா லாக்ஸின் அழியா வாழ்வு' அந்தத் துண்டின் கதை. நான் இங்கே பேச விரும்புவது மற்றதைப் பற்றி. வைத்தார்களே, அதைப் பற்றி.

இந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எடுத்ததைப் பற்றியே எழுதுகிறார்கள். யாருடைய அனுமதி, யாருக்கு லாபம், ஒருவருடைய உடம்பிலிருந்து பிரிந்த சதைக்குச் சொந்தக்காரர் யார். எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் ஹென்ரியட்டா அந்த மருத்துவமனைக்குப் போனது செல் கொடுக்கவா? வைத்தியம் பார்க்கப் போனார். அவரைப் பொறுத்தவரை அன்றைக்கு நடந்த ஒரே காரியம் ரேடியம் வைத்ததுதான். இன்னொன்று நடந்ததே அவருக்குத் தெரியாது. அவர் வாழ்ந்த வாழ்க்கையை எழுத வந்த புத்தகம், அவர் அனுபவித்ததைச் சில பத்திகளில் கடந்துவிட்டு, அவர் அறியாததைப் பின்தொடர்ந்து நூற்றுக்கணக்கான பக்கங்கள் போகிறது. இதை ஒரு குற்றச்சாட்டாக உடனே வைத்துவிட முடியாது. ஆனால் கவனிக்காமல் விடவும் முடியவில்லை.

அந்தச் சில பத்திகளை முதலில் பார்ப்போம், ஏனென்றால் நன்றாக எழுதப்பட்டவை. ஒரு குழாய் உள்ளே. அதற்கு மேல், கர்ப்பப்பை வாயின் வெளிப்புறத்தில் ரேடியம் வைத்த ஒரு சின்னப் பை, அதையும் தைக்கிறார்கள். அதற்கு எதிரே இன்னொரு பை. எல்லாம் அசையாமல் இருக்கத் துணிச்சுருள்களைத் திணிக்கிறார்கள். சிறுநீருக்குக் குழாய். இந்தப் பைகளுக்கு அங்கே பிராக் என்ற டாக்டரின் பெயர், அவர் கண்டுபிடித்தவை என்பதால். கித்தான் துணியால் ஆனவை. உள்ளூர்ப் பெண் ஒருவர் கையால் தைத்துக் கொடுத்தவை என்று அரை வரியில் ஸ்க்லூட் சொல்லிவிட்டுப் போகிறார்.

இந்த அரை வரியில் நான் ரொம்ப நேரம் நின்றேன். உலகத்தின் மிக நவீனமான மருத்துவமனைகளில் ஒன்று. கியூரி தம்பதியர் கண்டெடுத்த தனிமம். அதைப் பெண்ணுடம்புக்குள் நிறுத்தி வைக்கக் கடைசியில் தேவைப்பட்டது ஊசியும் நூலும், சுருக்குப்பை மாதிரி ஒரு பையும், அதைத் தைக்கத் தெரிந்த ஒருத்தியும். தான் தைத்துக் கொடுத்தது எங்கே போய் உட்காரப் போகிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்குமா? பிராக்குக்குப் பெயர் இருக்கிறது. அவர் பின்னாளில் புற்றுநோயிலேயே இறந்தார், ரேடியத்தோடு பழகியதே காரணமாக இருக்கலாம் என்பதும் புத்தகத்தில் இருக்கிறது. அதற்கும் முந்தைய தலைமுறையில் ஹாப்கின்ஸின் ஹோவர்ட் கெல்லி கியூரிகளைப் பார்க்கப் போய், ஆபத்து தெரியாமல் ரேடியத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அமெரிக்கா திரும்பிய கதையும் இருக்கிறது. டாக்டர்களின் பைகளைப் பற்றிக் கதை இருக்கிறது. தைத்தவளுக்கு அரை வரி.

சரி, இந்த வைத்தியம்தான் என்ன? மருத்துவ உலகம் இதை பிராக்கிதெரபி என்கிறது. குறுகிய தூரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. டாக்டர் பிராக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒலி ஒற்றுமை மட்டும்தான். தமிழில் அண்மைக் கதிர்வீச்சு என்று எழுதுகிறார்கள். தத்துவம் ரொம்ப எளிமை. விறகடுப்புப் பக்கத்தில் நின்றால் முகம் காய்கிறது, நாலடி தள்ளிப் போனால் ஒன்றுமில்லை. கதிர்வீச்சும் அப்படித்தான். தூரம் இரண்டு மடங்கானால் வீச்சு நாலில் ஒரு பங்காகிவிடும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே கட்டிக்கு நடுவிலேயே, அல்லது கட்டியை ஒட்டியே, கதிர் உமிழும் பொருளை வைத்துவிட்டால் கட்டி முழு அடியையும் வாங்கும், சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் உறுப்புகள் பெரும்பாலும் தப்பும்.

கர்ப்பப்பை வாய் இதற்கென்றே அமைந்தது போன்ற இடம். முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். வெளியிலிருந்து அடிக்கிற எக்ஸ்ரே இவற்றைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் உடம்பைக் கிழிக்காமலே போய்ச் சேர அங்கே இயற்கையான வழி ஒன்றும் இருக்கிறது. ஸ்க்லூட்டின் காட்சியில் வருகிற துணிச்சுருளுக்கு அவர் சொல்லும் வேலையைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. அது சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் ரேடியத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறது. அரை சென்டிமீட்டர் தள்ளினாலும் கணக்கு மாறிவிடும். மில்லிமீட்டர்களில் நடக்கிற வைத்தியம் இது. 1938இல் மான்செஸ்டரில் மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவரும் மெரெடித் என்ற இயற்பியலாளரும் கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட புள்ளியை வரையறுத்து, அங்கே எவ்வளவு கதிர் சேர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் புள்ளியின் பெயர் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் விரித்துச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இணையத்தில் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர், ஹென்ரியட்டாவை ரேடியம்தான் கொன்றது, கறுப்பினப் பெண் என்பதால் அவர்மேல் ஏதோ கொடூரச் சோதனை நடத்தினார்கள் என்ற முடிவோடு எழுந்துவிடுகிறார்கள். அது தவறு. பரவத் தொடங்கிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அன்றைய தரமான வைத்தியம் ரேடியம்தான். வெள்ளைக்காரப் பெண்களுக்கும் அதையேதான் வைத்தார்கள், அதனால் பிழைத்தவர்களும் ஏராளம். அவருடைய புற்றின் வகையை அன்று தவறாகக் குறித்திருந்தது பல வருடம் கழித்துத் தெரியவந்தது. சரியாகக் குறித்திருந்தாலும் வைத்தியம் மாறியிருக்காது. ஸ்க்லூட் இதையெல்லாம் நேர்மையாகவே சொல்கிறார். ஆனால் சொல்கிற விதத்தில் ஒரு சாய்வு இருக்கிறது. சட்டைப்பை ரேடியம், செத்துப்போன டாக்டர், கருகிய தோல் என்று வரிசையாக வந்தால் படிக்கிறவன் மனசில் என்ன தங்கும்? பயம்தான் தங்கும். இந்த வைத்தியம் ஏன் வேலை செய்கிறது என்று விளக்க அவர் இரண்டு பத்தி கூடுதலாகச் செலவழித்திருக்கலாம். செல் வளர்ப்புக்கான திரவத்தை எப்படித் தயாரித்தார்கள் என்று அவ்வளவு பொறுமையாகச் சொல்லத் தெரிந்தவருக்கு இது முடியாததல்ல.

கருகிய தோல் என்றேன். ரேடியம் இரண்டு முறை வைத்த பிறகு ஹென்ரியட்டாவுக்குத் தினமும் வெளியிலிருந்து எக்ஸ்ரே கொடுத்தார்கள். அடிவயிற்றுத் தோல் கருத்துப்போனது. உறவுக்காரப் பெண்களிடம் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். அந்தக் கருமை உள்ளேயும் பரவுகிற மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்ன சொல்லே ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பாகிவிட்டது. புத்தகத்தின் மறக்க முடியாத இடங்களில் ஒன்று. ஆனால் பாருங்க, காட்ட முடிந்தது வெளியிலிருந்து வந்த கதிரின் தடத்தைத்தான். உள்ளே வைத்ததற்குத் தடம் இல்லை, சாட்சி இல்லை. யாரிடம் எதைத் தூக்கிக் காட்டுவது? கணவரிடம்கூட முதலில் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

புற்றுநோய் இலக்கியத்தில் இந்த வைத்தியத்துக்கு மொழி கிடைக்காமல் போனதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். சூசன் சொன்டாக் 1978இல் 'நோய் ஓர் உருவகமாக' எழுதியபோது, புற்றுநோய் வைத்தியம் முழுக்கப் போர்ச் சொற்களால் ஆனது என்று பிடித்துக் காட்டினார். கதிர்வீச்சு என்றால் விமானத் தாக்குதல், கீமோ என்றால் ரசாயனப் போர். அபாரமான கவனிப்பு. ஆனால் அந்தக் கவனிப்பு வெளியிலிருந்து வருகிற கதிருக்குத்தான் பொருந்தும். ரேடியத்தை உள்ளே வைத்துத் தைத்து, அசையாமல் கிட என்று சொல்லிவிட்டுப் போவதில் குண்டுவீச்சு எங்கே இருக்கிறது? அதற்குப் போரைவிடப் பிரசவத்தின் சாயல் அதிகம். அதே மேசை, அதே மாதிரி கால்களை வைத்துக் கிடக்கிற கிடை, அதே உறுப்பு. ஹென்ரியட்டா கடைசிக் குழந்தையைப் பெற்று அப்போது ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பிள்ளை வந்த வழியாகவே ரேடியம் போகிறது. சொன்டாக்கின் பட்டியலில் இதற்கு இடமில்லை. சித்தார்த்தா முகர்ஜியின் பெரிய புத்தகமும் ரேடியத்தைக் கட்டிகளுக்குள் பதித்த காலத்தைச் சீக்கிரமாகத் தாண்டிப் போய்விடுகிறது. அவருடைய வீரர்கள் வேறு ஆட்கள், கத்தி பிடித்தவர்களும் கீமோ கண்டவர்களும்.

தமிழில் கதையே வேறு. நம்ம ஊர் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் கதிர்வீச்சுக்குப் பெயர் கரண்ட். 'கரண்ட் வைக்கிறாங்க', 'இருபத்தஞ்சு கரண்ட் முடிஞ்சிருச்சு'. மின்சாரத்துக்கும் இதற்கும் உறவில்லை என்று யாரும் திருத்துவதில்லை, திருத்தவும் வேண்டாம். பெரிய மெஷின், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பாய்கிறது, சுடுகிறது. கரண்ட் என்பது நல்ல சொல்தான். அதில் 'வைக்கிறது' என்ற வினை எனக்குப் பிடிக்கும். பத்து வைக்கிற மாதிரி, சூடு வைக்கிற மாதிரி. வெளியிலிருந்து அடிக்கிற கதிருக்குக்கூட நம் ஆட்கள் வைக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் நிஜமாகவே உள்ளே வைக்கிற வைத்தியத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் குரல் தணிந்துவிடும். 'கீழ ஏதோ கருவி வச்சாங்க' என்பதோடு நின்றுவிடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இந்தியப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடி அதிகம் வருவது. நோயின் எண்ணிக்கைக்கும் பேச்சின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை.

இது வர்க்கத்தின் கதையும்கூட. மார்கரெட் எட்சனின் 'விட்' நாடகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1999இல் புலிட்சர் வாங்கியது. அதில் நோயாளி ஜான் டன்னின் கவிதையில் கரை கண்ட பேராசிரியை. அவருக்கு வருவது சினைப்பைப் புற்றுநோய். மேடையில் நின்று, நம்மைப் பார்த்து, தன் வைத்தியத்தைத் தானே அக்குவேறு ஆணிவேறாக அலசுகிறார். அவரிடம் மொழி இருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை வசதியற்ற, ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போகிற பெண்களையே அதிகம் பிடிக்கிறது. வர்ஜீனியாவின் புகையிலை வயலில் வளர்ந்து, கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய வார்டில் படுத்த ஹென்ரியட்டாக்கள் மேடையில் நின்று நம்மிடம் பேசுவதில்லை. அவர்களுக்குப் பதிலாகக் கேஸ் ஷீட் பேசும். அன்றைய கேஸ் ஷீட், நோயாளி சிகிச்சையை நன்றாகத் தாங்கிக்கொண்டார் என்றுதான் பேசுகிறது.

ஆனால் அதே கேஸ் ஷீட்டில் இன்னோர் இடம் இருக்கிறது. எனக்கு இந்தப் புத்தகத்தின் மையம் அதுதான். ஸ்க்லூட்டுக்கு அது மையமில்லை.

கதிர்வீச்சு முடிகிற கட்டத்தில் ஹென்ரியட்டா எப்போது மறுபடி பிள்ளை பெறலாம் என்று கேட்கிறார். இனிமேல் முடியாது என்று அப்போதுதான் அவருக்குச் சொல்லப்படுகிறது. முன்னாலேயே சொல்லியிருந்தால் இந்தச் சிகிச்சைக்கே ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று அவர் சொன்னதாக ஒரு டாக்டர் குறிப்பெழுதி வைத்திருக்கிறார். அப்படி முன்கூட்டிச் சொல்வது அங்கே வழக்கம்தான், எல்லா நோயாளிகளிடமும் சொல்வோம் என்று அவரைப் பரிசோதித்த டாக்டர் ஹோவர்ட் ஜோன்ஸ் பின்னாளில் கூறுகிறார். இவர் விஷயத்தில் எங்கோ தவறியிருக்கிறது என்று ஸ்க்லூட் எழுதுகிறார். எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

மருத்துவமனை மொழியில் எழுதப்பட்ட அந்தத் தாள்களில் ஹென்ரியட்டாவின் விருப்பம் பதிவாகியிருக்கும் அபூர்வமான இடம் இது. எனக்கு இதைச் செய்தீர்கள், கேட்காமல் செய்தீர்கள், கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன் என்கிறார். ஒப்புதலைப் பற்றி இதைவிடத் தெளிவாக யார் பேச முடியும்? ஒப்புதல் இல்லாமல் செல் எடுத்தது பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, பேச வாய்ப்பே இல்லை. ஒப்புதல் இல்லாமல் வைத்தது பற்றிப் பேசியிருக்கிறார். உலகமோ முதலாவதைப் பற்றியே மாநாடு நடத்துகிறது. எந்தச் சிகிச்சைக்கும் சம்மதம் என்று பொதுப்படையாக அச்சடித்த ஒரு தாளில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் கையெழுத்து சதையை எடுக்கச் செல்லுமா என்று விவாதிக்கிறோம். கருத்தரிக்கும் சக்தியை எடுக்கச் செல்லுமா என்ற கேள்வி அதே தாளின்மேல், அவருடைய சொந்த வாயால் எழுப்பப்பட்டுக் கிடக்கிறது.

இதற்கு மறுப்பு சுலபமாக வரும். ரேடியம் வைக்காவிட்டால் உயிரே போகுமே, பிள்ளை பெரிதா உயிர் பெரிதா? வெளியே நின்று கேட்பவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். ஆனால் அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் அவர். அவர் போட்டுப் பார்த்து வேறு விடை சொல்லியிருக்கலாம், அல்லது அழுதுவிட்டுச் சரி என்றிருக்கலாம். அவருக்குக் கணக்குப் போடவே கொடுக்கவில்லை.

இங்கே சொல்ஜெனித்சினின் 'புற்றுநோய் வார்டு' நாவலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வேறு நாடு, வேறு அரசியல், ஆனால் ஏறக்குறைய அதே காலம். 1954இல் தாஷ்கண்டில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற அனுபவத்திலிருந்து அவர் எழுதியது. கதாநாயகன் கஸ்தக்ளோதவ் முகாமிலிருந்து நாடுகடத்தலுக்கு வந்து, அங்கிருந்து வார்டுக்கு வந்தவன். எக்ஸ்ரே அவனைக் காப்பாற்றுகிறது. ஆனால் கூடவே போடுகிற ஹார்மோன் ஊசி ஆண்மையைக் கொண்டுபோய்விடும் என்று நர்ஸ் ஸோயா மூலம் அவனுக்குத் தெரியவருகிறது. டாக்டர்கள் சொல்லவில்லை. உயிருக்கு இவ்வளவு விலையா, அந்த விலையை எனக்குப் பதிலாக நீங்கள் எப்படி முடிவு செய்யலாம் என்ற கேள்வி நாவல் முழுக்க அவனைத் துரத்துகிறது. கதிர்வீச்சுத் துறைத் தலைவி தன்த்சோவாவோடு முட்டி மோதுகிறான். அவளும் வில்லி அல்ல. வருடக்கணக்காகக் கதிருக்கு நடுவில் நின்று வேலை பார்த்தவள், கடைசியில் அவளுக்கே புற்று வருகிறது. இரண்டு பேர் பக்கமும் நியாயத்தை வைத்துவிட்டு சொல்ஜெனித்சின் நம்மைத் தவிக்க விடுகிறார்.

கஸ்தக்ளோதவுக்கு ஒரு நாவல் முழுக்கக் கிடைத்த அதே வாதம் ஹென்ரியட்டாவுக்கு ஒரு குறிப்பில் கிடைத்திருக்கிறது. ஆண் இழக்கப் போவதைத் தத்துவமாக்கிப் படித்தோம். பெண் இழந்தது வரலாற்றுத் தகவலாக நின்றுவிட்டது. ஸ்க்லூட் நாவலாசிரியர் இல்லை, பத்திரிகையாளர், ஆதாரம் இல்லாமல் மனசுக்குள் புக முடியாது என்று சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதே புத்தகத்தில் பிரேதப் பரிசோதனைக் காட்சி ஒன்று இருக்கிறது. கையின் உதவியாளர் மேரி குபிசெக், மேசையில் கிடக்கும் உடலின் கால் நகங்களில் உதிர்ந்துபோன சிவப்பு நகப்பூச்சைப் பார்த்து, இது ஒரு நிஜமான மனுஷி என்று முதன்முறையாக உணர்கிறார். ஒரு நகப்பூச்சிலிருந்து ஸ்க்லூட்டால் ஓர் ஆளை எழுப்ப முடிகிறது. வாசகர்கள் எல்லோரும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்தக் காட்சியில் உணர்கிறவர் ஆய்வுக்கூடப் பெண், ஹென்ரியட்டா இறந்து கிடக்கிறார். அவர் உயிரோடு இருந்து, தானே வாய் திறந்து ஆட்சேபித்த இடம் கையில் இருக்கும்போது, கால் நகம் ஏன் பெரிதாகிறது?

காரணம் புத்தகத்தின் கட்டுமானத்தில் இருக்கிறது என்று தோன்றுகிறது. இதன் இதயம் ஹென்ரியட்டாவின் மகள் டெபோராதான். தாயின் முகம் நினைவில்லாத மகள், தாயின் ஏதோ ஒரு பகுதி உயிரோடிருப்பதாகக் கேள்விப்பட்டு அதைத் தேடிப் போகிறாள். கடைசியில் ஹாப்கின்ஸிலேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் உறைந்த செல் குப்பியை அவள் கையில் கொடுக்கிறார்கள். குளிர்கிறதே என்று கையால் சூடேற்றுகிறாள். அந்த இடத்தில் அழாமல் படித்தவர்கள் குறைவு. இந்தக் கதைக்கு ஒரு குப்பி வேண்டும், போய்ப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். எடுத்தது மிச்சம் இருக்கிறது. வைத்ததைப் பின்னால் வெளியே எடுத்துக் கழுவிவிட்டார்கள். பத்திரிகையாளர் தடத்தைத்தான் பின்தொடர முடியும். புத்தகம் எடுத்ததன் பக்கம் சாய்ந்தது ஸ்க்லூட்டின் அலட்சியத்தால் அல்ல, அவர் தேர்ந்துகொண்ட வடிவத்தால். ஆனாலும் வடிவம் எதை மறைக்கிறது என்று கேட்பதுதானே விமர்சனத்தின் வேலை. 2017இல் வந்த எச்.பி.ஓ. படம் இந்தச் சாய்வை இன்னும் கூட்டிவிட்டது. ஓப்ரா வின்ஃப்ரே டெபோராவாக முழுப் படத்தையும் எடுத்துக்கொள்கிறார். 2023இல் லாக்ஸ் குடும்பம் தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தோடு சமரசம் செய்துகொண்டபோதும் பேச்சு முழுக்க எடுத்ததைப் பற்றித்தான். அந்த நியாயம் கிடைத்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. மற்றதற்கு வழக்குப் போட யாரும் இல்லை.

எடுத்ததும் வைத்ததும் பிறகு ஒருமுறை சந்தித்துக்கொண்டன. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1956இல் தியோடோர் பக், பிலிப் மார்கஸ் என்ற இரண்டு பேர் மனித செல்களைத் தட்டில் வளர்த்து, எக்ஸ்ரேயைப் படிப்படியாகக் கூட்டி, எத்தனை செல் பிழைக்கிறது என்று எண்ணினார்கள். பாலூட்டி செல்லைக் கொல்ல எவ்வளவு கதிர் வேண்டும் என்று ஒரு வளைகோடு வரைந்து காட்டியது அதுதான் முதல்முறை. அதுவரை நினைத்திருந்ததைவிட மிகக் குறைந்த கதிரிலேயே செல்கள் பெருகும் சக்தியை இழந்தன. கதிர்வீச்சு உயிரியல் என்ற துறையே அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது. அவர்கள் பயன்படுத்திய செல் ஹீலா. அதாவது, ரேடியம் வைத்தும் பிழைக்காத பெண்ணின் புற்றைத் தட்டில் வைத்து, அதைக் கொல்ல எவ்வளவு போதும் என்று அவர் இறந்து ஐந்து வருடம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். ஸ்க்லூட் எழுதிய ஹீலா சாதனைகளின் நீண்ட வரிசைக்கு நடுவில் தூக்கி வைக்க வேண்டிய ஒன்று இது. போலியோ, விண்வெளி எல்லாம் பிறகு.

வைத்தியமும் அப்படியே நிற்கவில்லை. ரேடியத்தைக் கையால் எடுத்து வைத்தவர்களுக்கே ஆபத்து என்பதால், முதலில் வெற்றுக்குழாயை வைத்துவிட்டு, கதிர் மூலத்தைப் பிறகு உள்ளே அனுப்பும் முறையை 1950களிலும் 60களிலும் நியூயார்க்கில் உல்ரிச் ஹென்ஷ்கே போன்றவர்கள் கொண்டுவந்தார்கள். ரேடியத்துக்குப் பதில் சீசியம், பிறகு இரிடியம். இன்று ஒரு மெல்லிய கம்பியின் நுனியில் அரிசி அளவுகூட இல்லாத இரிடியம், மெஷினிலிருந்து தானாகக் கிளம்பிக் குழாய்க்குள் போகிறது. கம்ப்யூட்டர் சொன்ன இடங்களில் சில நொடிகள் நிற்கிறது, திரும்பி வந்துவிடுகிறது. நாள் கணக்கில் கிடக்க வேண்டியதில்லை, நிமிடங்களில் முடிகிறது. சில நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை. பரவிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இதை விட்டுவிட்டு வெளிக்கதிர் மட்டும் கொடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. இன்றும் இதற்குச் சமமான மாற்று கிடையாது. உங்கள் வீட்டில் யாருக்காவது டாக்டர் இதைச் சொன்னால் ஹென்ரியட்டாவின் கதையை நினைத்துப் பயந்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். என்னென்ன போகும், என்னென்ன வரும் என்று கேளுங்கள், கேட்பதற்கு உரிமை இருக்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் காப்பாற்றப்பட்டவர்கள் டாக்டர்களும் நர்ஸுகளும். அறையை விட்டு எல்லோரும் வெளியேறிக் கனமான கதவு சாத்திய பிறகுதான் கதிர் உள்ளே போகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி அம்மா, அக்கா, மதினி, பக்கத்துவீட்டு அத்தை என்று ஆள் நிற்கிற நம்ம ஊரில் இது ஒரு விசித்திரமான தனிமை. ஒலிபெருக்கியில் ஒரு குரல், கூரையில் ஒரு கேமரா. அந்தச் சில நிமிடங்களை உள்ளே இருந்து எழுதிய ஒரு நல்ல சிறுகதையை எந்த மொழியிலும் நான் படித்ததில்லை. படிக்க ஆசை. போர்ச் சொல் இல்லாமல், வீரம் இல்லாமல், கூரையில் எத்தனை ஓடு என்று எண்ணிக்கொண்டு கிடக்கிற ஒருத்தியின் கதை.

ஸ்க்லூட்டின் புத்தகத்துக்குத் திரும்பிப் போனால், அதன் தலைப்பில் இருக்கிற 'அழியா' என்ற சொல் செல்களைக் குறிக்கிறது. ரேடியம் 226இன் அரை ஆயுள் 1600 ஆண்டுகள். அன்றெல்லாம் ரேடியக் குழாய்கள் ஒரு நோயாளியோடு தீர்ந்துபோவதில்லை. எடுத்து, கழுவி, எண்ணி, ஈயப்பெட்டியில் வைத்து, அடுத்த பெண்ணுக்கு. 1951 பிப்ரவரியில் ஹென்ரியட்டாவுக்குள் இருந்த ரேடியத்தில் 96 சதவீதத்துக்கு மேல் இன்றும் அப்படியே கதிர் வீசிக்கொண்டிருக்கிறது. அது அவருக்கு முன்னால் யாருக்குள் இருந்தது, அவருக்குப் பின்னால் யாருக்குள் போனது, அவர்களிடமாவது முன்கூட்டிச் சொன்னார்களா என்று புத்தகம் கேட்கவில்லை.